புதுமையான வடிவத்தில் வரும் விலையுயர்ந்த கணினியை வாங்கலாமா? முடிவெடுக்கும் முறை

பார்த்ததும் கண்ணைப் பறிக்கிற மேசைக் கணினிகள் அவ்வப்போது சந்தைக்கு வருகின்றன. ஆப்பிள் 2000-இல் கொண்டுவந்த பவர் மேக் ஜி4 கியூப், 2013 டிசம்பரில் வந்த உருளை வடிவ மேக் ப்ரோ, இன்றைய மேக் ஸ்டூடியோ எல்லாம் அந்த வரிசைதான். இவற்றை வாங்க, சாதாரண டவர் கணினிக்குப் போடும் கணக்கு போதாது. உள்ளே பிறக்கும் சூடு எப்படி வெளியேறும், நாளைக்கு எந்தப் பாகத்தை மாற்ற முடியும் என்ற இரண்டையும் அந்த வடிவமே முடிவு செய்துவிடுகிறது.

வீடியோ எடிட்டிங், கலர் கிரேடிங் வேலைக்காகக் கணினி தேடியபோது நான் பின்பற்றிய முறை இது. ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இப்போதுள்ள கணினி எங்கே திணறுகிறது?

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கணினியை அதிகம் காக்க வைக்கும் வேலை ஒன்றை ஓட விடுங்கள். மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து சிபியு பகுதிக்குப் போங்கள். அங்கே 100% என்றால் ஒரு கோர் (சிபியுவுக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி) முழுதாக உழைக்கிறது என்று பொருள். மென்பொருளின் பெயருக்கு நேரே 700%, 800% என்று காட்டினால் அது பல கோர்களைப் பயன்படுத்துகிறது. கூடுதல் கோருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. எவ்வளவு நேரம் ஆனாலும் 100% பக்கத்திலேயே நின்றால், அந்த வேலைக்கு ஒரு கோர்தான் ஓடுகிறது. பன்னிரண்டு கோர் வாங்கினாலும் அதே வேகம்தான்.

சில நேரம் வேகம் குறையவும் செய்யும். 2013 மேக் ப்ரோவில் விலை குறைந்த நான்கு கோர் மாடலின் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், பன்னிரண்டு கோர் மாடலுக்கு 2.7 கிகாஹெர்ட்ஸ். ஒரே கோரில் ஓடும் வேலைக்கு மலிவான மாடலே முந்தியது. "அதிக விலை, அதிக வேகம்" என்ற கணக்கு பணிக்கணினிகளில் (வொர்க்ஸ்டேஷன்) இப்படித்தான் உடைகிறது.

அடுத்து மெமரி பகுதி. மெமரி பிரஷர் வரைபடம் பச்சையில் இருந்தால் ரேம் பிரச்சினை இல்லை. மஞ்சள், சிவப்பு என்று போய், ஸ்வாப் (ரேமில் இடம் போதாமல் டிஸ்க்கில் எழுதிவைப்பது) அளவும் ஏறிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு வேண்டியது ரேம். கிராஃபிக்ஸ் உழைப்பைப் பார்க்க விண்டோ மெனுவில் ஜிபியு ஹிஸ்டரி இருக்கிறது.

(சேர்க்கை: விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மொத்தமே 8% தான் காட்டுகிறது, ஆனாலும் கணினி தவழ்கிறது என்று கமென்ட்டில் ஒருவர் கேட்டிருந்தார். விண்டோஸ் எல்லாக் கோர்களையும் சேர்த்துத்தான் 100% என்கிறது. பன்னிரண்டில் ஒன்று மட்டும் முழுதாக ஓடினால் 8% அளவில்தான் தெரியும். சிபியு வரைபடத்தில் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்கள் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள்.)

படி 2: உங்கள் மென்பொருள் அந்த வன்பொருளைத் தொடுமா?

உருளை மேக் ப்ரோவின் எல்லா மாடலிலும் ஏஎம்டி ஃபயர்ப்ரோ கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று திரைகளை இயக்கும். மற்றொன்று கணக்கீட்டுக்காக, ஃபைனல் கட் ப்ரோ போல அதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்தான் அதைத் தொடும். என்விடியா கார்டுகளில் மட்டுமே ஓடும் குடா தொழில்நுட்பத்தை நம்பியிருந்த ரெண்டரிங் மென்பொருள்களுக்கு இரண்டாலும் பயனில்லை. எனவே மென்பொருள் நிறுவனத்தின் தேவைப் பட்டியலை எடுத்து, நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கார்டின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 3: சூடு

இரண்டு நிமிட பெஞ்ச்மார்க் எண்களை நான் நம்புவதில்லை. சின்னப் பெட்டியில் முதல் சில நிமிடம் எல்லாமே வேகமாகத்தான் ஓடும். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பயன்படுத்துவதாக இருந்தால் குறைந்தது பத்து நிமிடம் ஓட விடுங்கள். அதைவிட நல்லது உங்கள் சொந்த ப்ராஜெக்ட்: ஒரு நீளமான எக்ஸ்போர்ட்டை இடைவெளியில்லாமல் மூன்று முறை ஓட்டி, முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் ஆன நேரத்தை ஒப்பிடுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் கணினி சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்கிறது.

உருளையின் கதை இங்கே நல்ல பாடம். நடுவில் முக்கோண வடிவ உலோகத் தூண். ஒரு பக்கத்தில் சிபியு, மற்ற இரண்டில் கிராஃபிக்ஸ் கார்டுகள். மேலே ஒரே ஃபேன். ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்தில் அது அருமையான பொறியியல், அமைதியாகவும் ஓடியது. ஆனால் சூடு மூன்று பக்கமும் சமமாகப் பிறக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. தொழில்துறை ஒரே பெரிய கிராஃபிக்ஸ் கார்டை நோக்கிப் போனதும் அதை வைக்க இடமில்லை. வெப்ப விஷயத்தில் தாங்களே ஒரு மூலையில் சிக்கிக்கொண்டதாக ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2017 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார். 2019-இல் வந்த அடுத்த மேக் ப்ரோ மறுபடியும் டவர்தான்.

படி 4: எதைக் கழற்றலாம்?

ரேம், சேமிப்பு, சிபியு, கிராஃபிக்ஸ் என்று நான்கு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "மாற்றலாம்", "முடியாது" என்று குறியுங்கள். உருளையில் ரேமுக்கு நான்கு ஸ்லாட் இருந்ததால் எளிதாக மாற்றலாம். எஸ்எஸ்டி கடையில் கிடைக்கும் சாதாரண எம்.2 வகை இல்லை. சிபியு சாக்கெட்டில்தான் இருந்தது, ஆனால் கணினியை முழுக்கப் பிரிக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுகள் அந்தக் கணினிக்கென்றே செய்தவை.

ஸ்லாட் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2023 மேக் ப்ரோவில் பிசிஐஇ ஸ்லாட்டுகள் (கூடுதல் கார்டுகளைச் செருகும் இடங்கள்) இருக்கின்றன, விலை 6,999 டாலரில் தொடங்கியது, ஆனால் அவற்றில் தனி கிராஃபிக்ஸ் கார்டு போட முடியாது. ரேமையும் பிறகு கூட்ட முடியாது. ஆடியோ, வீடியோ கார்டுகள் செருகும் வேலை இல்லாதவர்களுக்கு அதே எம்2 அல்ட்ரா சிப்புடன் 2023-இல் வந்த மேக் ஸ்டூடியோவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ரேமை மாற்ற முடியாத எந்தக் கணினியாக இருந்தாலும், இன்றைய தேவைக்கு ஒரு படி மேலாகவே எடுங்கள்.

படி 5: வெளியே தொங்கப்போகும் செலவு

உள்ளே ஹார்ட் டிஸ்க்குக்கு இடமில்லாத கணினிக்கு வெளிப்பெட்டி, தண்டர்போல்ட் கேபிள், ஹப், பேக்கப் டிஸ்க் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். இவற்றையும் கூட்டிய பிறகு வருவதுதான் உண்மையான விலை. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண டவருடன் ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை

பழைய உருளை மேக் ப்ரோவைக் குறைந்த விலைக்கு வாங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அதிகாரபூர்வமாக அதில் ஓடும் கடைசி மேக்ஓஎஸ் மான்டரே. உங்கள் மென்பொருளின் இப்போதைய பதிப்பு அதில் நிறுவப்படுமா என்பதை முதலில் பாருங்கள். டி500, டி700 என்ற ஃபயர்ப்ரோ கார்டுகள் உள்ள சில கணினிகளுக்கு வீடியோ கோளாறு காரணமாக 2016-இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது. அதனால் விற்பவர் எதிரிலேயே திரையை இணைத்து ஒரு நீளமான ரெண்டரை ஓட்டிப் பாருங்கள். படம் கலைந்தாலோ, கணினி தானாக மறுதொடக்கம் ஆனாலோ, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.