சரக்கு சைக்கிளுக்கு மின்மோட்டார்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

பினாங்கில் பூமாலை, தோசை மாவு, மளிகைச் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஜார்ஜ் டவுனில் கார் நிறுத்த இடம் தேடும் நேரத்தில் நாலு வீட்டுக்குச் சாமான் போய்ச் சேர்ந்துவிடும். அந்த சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் மாட்டும்போது அல்ல, மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போதே.

பெரிய தவறு, பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது. ஓட்டுபவர், சைக்கிள், சரக்கு மூன்றும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியா, சூலியா ஸ்திரீட் பக்கம் சமதரையில் மணிக்கு 20 கி.மீ. போக ஏறக்குறைய 150 வாட் போதும். அதே வண்டி 8 சதவீத மேட்டில் (100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் மேடு), வெறும் 10 கி.மீ. வேகத்தில் ஏற 370 வாட் கேட்கும். சாதாரண ஆள் மிதித்துத் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 100 வாட். மிச்சத்தை மோட்டார்தான், அதுவும் மெதுவாகச் சுழன்றபடி, தர வேண்டும்.

சிக்கல் அந்த மெதுவில்தான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் அதன் வேகத்தில் சுழலும்போது நன்றாக வேலை செய்யும். மேட்டில் திணறி மெதுவானால், பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். 1000 வாட் என்று எழுதியிருந்தாலும் இதுதான் நிலை. அதனால் நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் மிகச் செங்குத்தான மேடு எது, அங்கே எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். கடைக்குப் போவது அப்புறம்.

சக்கர அளவை மறப்பது அடுத்தது. 25 கி.மீ. வேகத்துக்கு 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் போதும். 20 அங்குலச் சக்கரத்துக்கு 265 சுற்றாவது வேண்டும். ஒரே மோட்டாரைச் சின்னச் சக்கரத்தில் கோத்தால் வேகம் குறையும், தள்ளும் விசை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். சரக்கு வண்டிக்குத் தேவை அந்த விசைதான். அதிக வேகத்துக்கென்றே உள்ளே கம்பி சுற்றிய மோட்டாரை இதற்கு வாங்காதீர்கள்.

ஹப் மோட்டாரிலும் இரண்டு வகை. கியர் வைத்தது எடை குறைவு, மோட்டாரை அணைத்தாலும் இலகுவாக உருளும். அதன் மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் மூன்று வெள்ளை நைலான் பற்சக்கரங்கள் தெரியும். நீண்ட மேட்டில் அதிகச் சுமையை இழுத்துக்கொண்டே இருந்தால் சூட்டில் நைலான் இளகி, பற்கள் மழுங்கும். கியர் இல்லாத வகையில் அந்தப் பயமில்லை, ஆனால் எடை அதிகம், மெதுவான ஏற்றத்தில் அதுவும் சீக்கிரம் சூடாகும்.

ஆயர் ஈத்தாம், பாலிக் பூலாவ் மேடுகளில் தினமும் ஏறுகிறவருக்கு நான் சொல்வது பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ். அது சைக்கிளின் கியர் வழியாகவே சக்கரத்தைத் திருப்புவதால், மேட்டில் கியரைக் குறைத்து மோட்டாரை நல்ல வேகத்தில் சுழல விடலாம். ஆனால் இங்கே பலர் ஏமாறும் கணக்கு ஒன்று உண்டு. மிட் டிரைவுக்குப் போடும் டார்க் (சுழற்றும் விசை, நியூட்டன் மீட்டரில் சொல்வது) பெடல் அச்சில் அளந்தது, ஹப் மோட்டாருக்குப் போடுவது சக்கரத்தில் அளந்தது. முன்னால் 44 பல், பின்னால் ஒரே ஒரு 16 பல் சக்கரம் உள்ள சைக்கிளில் 80 நியூட்டன் மீட்டர் மிட் டிரைவ் மாட்டினால் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது 29தான். பின்னால் 32 பல் இருந்தால் 58 கிடைக்கும். ஒற்றை கியர் சைக்கிளுக்கு மிட் டிரைவ் வாங்குவது காசைக் கொட்டுவது.

பெடல் அச்சுக் கூட்டின் அகலத்தையும் அளந்துவிட்டுப் போங்கள். மிட் டிரைவ் மோட்டார்களில் பல 68 முதல் 73 மி.மீ. கூட்டுக்குச் செய்தவை. பழைய கனமான சைக்கிள்களிலும் பெக்காக்களிலும் (மூன்று சக்கர ரிக்‌ஷா) அளவு வேறாக இருக்கலாம். சங்கிலியும் முன்பைவிட வேகமாகத் தேயும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கர மோட்டார் மலிவு, மாட்டுவது சுலபம். ஆனால் அலுமினிய ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வேண்டவே வேண்டாம். அச்சு உட்காரும் அந்தச் சின்னப் பள்ளத்தை மோட்டாரின் விசை கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிடும். சக்கரம் கழன்றால் முகம்தான் முதலில் தரையில் படும். இரும்பு ஃபோர்க்கிலும் டார்க் ஆர்ம், அதாவது அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புப் பட்டை, போடாமல் ஓட்டக்கூடாது.

கன்ட்ரோலரையும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேட்டரியையும் தனித்தனியாக வாங்குவதிலும் கோளாறு வரும். 48 வோல்ட், 15 ஆம்பியர் கன்ட்ரோலர் பேட்டரியிடமிருந்து 720 வாட் வரை கேட்கும். அவ்வளவு தர முடியாத பேட்டரி மேட்டின் நடுவில் தானாக அணைந்துவிடும்.

நம் ஊர் மழைக்கு ஒரு சின்ன வேலை: ஹப் மோட்டாரின் கேபிள் அச்சுக்குள் நுழையும் முன், அச்சைவிடக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் கேபிள் வழியே உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

சட்டத்தையும் பாருங்கள். 2021 டிசம்பரில் மோப்பெட், மின் ஸ்கூட்டர் போன்றவற்றைச் சாலையில் ஓட்ட மலேசியா தடை போட்டது. மிதிக்கும்போது மட்டும் உதவி, 25 கி.மீ.யில் நின்றுவிடும் மோட்டாரே நல்லது. மிதிக்காமலே பாயும் வண்டியாக மாற்றும் எண்ணமிருந்தால், வாங்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் விசாரித்துவிடுங்கள்.

எல்லாப் பணத்தையும் மோட்டாரில் போட்டுவிட்டு, பிரேக்கைப் பழையபடியே விடுவதும் தவறு. 150 கிலோ வண்டி மழையில் இறங்கும்போது ரிம் பிரேக் பிடிப்பதற்குள் சந்திப்பு வந்துவிடும். டிஸ்க் பிரேக், பிடித்த உடனே மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பிரேக் பிடி, இரண்டுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.