மூன்று பேஸ் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்: திரையில் பூஜ்யம், மீட்டரில் ஓட்டம்

போன வாரம், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பையன் மாட்டிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரை (சோலார், பேட்டரி, மின்வாரிய இணைப்பான கிரிட் மூன்றையும் சேர்த்து ஓட்டுவது) பார்க்கப் போயிருந்தேன். வயரிங் சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு வயரிலும் லேபிள் ஒட்டியிருந்தான். ஆனால் நான் பல வருடங்களுக்கு முன் செய்த அதே தவறு அங்கேயும் இருந்தது: சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) வேறு பேஸில் இருந்தது. "அண்ணே, ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தானே காட்டுது?" என்றான். நானும் அன்று அதையேதான் சொன்னேன்.

பிளஸ், மைனஸ் மாறுவது, பிரேக்கரை இறக்காமல் கை வைப்பது போன்றவற்றை எல்லாக் கையேடுகளும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிடியை வேறு பேஸில் மாட்டுவது

கிரிட்டிலிருந்து எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்வது மெயின் வயர்களைச் சுற்றி மாட்டும் மூன்று சிடிகள்தான். ஒவ்வொரு சிடியும் மின்னோட்டத்தை மட்டுமே அளக்கிறது. இன்வெர்ட்டர் அதைத் தன்னுடைய அதே எண் பேஸின் மின்னழுத்தத்தோடு பெருக்கி வாட் கணக்குப் போடுகிறது. முதல் சிடி இரண்டாம் பேஸின் வயரில் மாட்டியிருந்தால் அந்தக் கணக்கு 120 டிகிரி தள்ளிப் போய்விடும். 120 டிகிரியின் கொசைன் மதிப்பு மைனஸ் 0.5. அதாவது நீங்கள் 2 கிலோவாட் எடுத்தால், 1 கிலோவாட் கிரிட்டுக்குப் போவதாக இன்வெர்ட்டர் நினைக்கும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பேஸிலும் 1 கிலோவாட் என்று வீட்டில் மொத்தம் 3 கிலோவாட் ஓடுகிறது, இரண்டு சிடிகள் மட்டும் தங்களுக்குள் இடம் மாறியிருக்கின்றன என்று வையுங்கள். அந்த இரண்டும் தலா மைனஸ் 0.5 காட்டும், சரியாக இருக்கும் மூன்றாவது 1 காட்டும். கூட்டினால் பூஜ்யம்! கிரிட்டிலிருந்து எதுவும் வரவில்லை என்று நம்பி இன்வெர்ட்டர் பேட்டரியைத் தொடாமல் இருக்கும். மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் மாட்டிய வீட்டில் நடந்தது இதுதான். திரையில் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்துவிட்டேன். மின்கட்டணம் குறையவில்லை என்று வீட்டுக்காரர் கூப்பிட்டபோது பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். அதற்கும் சரியாகாமல், பேட்டரியைக் கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் சிடியைப் பார்த்தேன். அந்த மாதங்களின் கட்டண வித்தியாசத்தை நானே கொடுத்தேன். பத்து நிமிடச் சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டிய தவறு அது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

மூன்று சிடிகளும் வரிசையாக ஒரு பேஸ் தள்ளிப் போனால் வேறு வகைச் சிக்கல். மூன்றுமே மைனஸ் காட்டும். உபரி மின்சாரம் இருக்கிறது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றப் பார்க்கும். கிரிட்டிலிருந்து ஏற்ற அனுமதி கொடுத்திருந்தால் இன்னும் அதிகமாக இழுக்கும், அதையும் உபரி என்றே எண்ணும்.

வயரின் நிறத்தை நம்பித்தான் பெரும்பாலும் இந்தத் தவறு வருகிறது. மீட்டர் பக்கம் முதல் பேஸாக இருப்பது, போர்டுக்குள் யாரோ மாற்றிப் போட்டதால், இன்வெர்ட்டரில் இரண்டாவதாக வந்து சேரும். எனவே மல்டிமீட்டரை எடுங்கள். இன்வெர்ட்டரின் முதல் பேஸ் முனைக்கும், முதல் சிடி மாட்டிய வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வோல்ட் என்றால் இரண்டும் ஒரே பேஸ். 400 வோல்ட்டை ஒட்டி வந்தால் வேறு வேறு.

அப்புறம் இன்வெர்ட்டரை எதுவும் கொடுக்காத நிலையில் வைத்து, மற்ற சுமைகளை அணைத்துவிட்டு, 2 கிலோவாட் ஹீட்டரை ஒவ்வொரு பேஸாகப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வேண்டாம், அதன் பவர் ஃபேக்டர் கணக்கைக் குழப்பும். ஹீட்டர் இருக்கும் பேஸில் 2 வந்தால் சரி. மைனஸ் 2 என்றால் சிடி திரும்பியிருக்கிறது. அங்கே பூஜ்யத்தை ஒட்டி வந்து, வேறொரு பேஸில் மைனஸ் 1 காட்டினால் பேஸ் மாறியிருக்கிறது. அந்த வேறு பேஸில் பிளஸ் 1 காட்டினால் பேஸும் மாறி, சிடியும் திரும்பியிருக்கிறது. ஏமாற்றுவதில் இதுதான் முதல், ஏனென்றால் குறி சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிடியின் அம்புக்குறி கிரிட்டைப் பார்க்க வேண்டுமா, இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டுமா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். போன வேலையின் நினைவில் மாட்டாதீர்கள்.

12 கிலோவாட் என்பதை ஒரே பேஸுக்கு என்று எண்ணுவது

12 கிலோவாட் இன்வெர்ட்டர் என்றால் பேஸுக்கு 4 கிலோவாட், 230 வோல்ட்டில் சுமார் 17 ஆம்பியர். சில மாடல்கள் ஒரு பேஸில் கூடுதலாகத் தரும், அதைக் கையேட்டில் உறுதி செய்யுங்கள். கிரிட் இருக்கும்வரை மிச்சத்தை அது கொடுத்துவிடுவதால் குறை தெரியாது. மின்சாரம் போன பிறகு ஒரே பேஸில் 5 கிலோவாட் ஹீட்டர் ஓடினால் மொத்த வீடும் இருளும்.

பேட்டரியை வோல்ட் பார்த்து ஓட்டுவது

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் மின்னழுத்தம் நடுப்பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். 30 சதவீதமா, 70 சதவீதமா என்பதை வோல்ட் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிஎம்எஸ்ஸுக்கும் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) இன்வெர்ட்டருக்கும் இடையிலான கம்யூனிகேஷன் கேபிள் வேலை செய்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

லக்

51.2 வோல்ட் பேட்டரியில் 12 கிலோவாட் என்றால் 230 ஆம்பியருக்கு மேல். லக்கை, அதாவது கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பை, இறுக்கக் கை அழுத்தம் போதாது, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும்.

நியூட்ரலை அலட்சியம் செய்வது

பேக்கப் பக்க (மின்சாரம் போனாலும் ஓடும் பக்கம்) நியூட்ரலும் சாதாரணப் பக்க நியூட்ரலும் ஒரே பாரில் கலந்தால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரல் தளர்ந்து கழன்றால் அதைவிட ஆபத்து. 230 வோல்ட் சாதனங்கள் இரண்டு பேஸுக்கு நடுவே தொடராக நின்றுவிடும், சுமை குறைந்த பேஸில் மின்னழுத்தம் எகிறும், டிவியும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தே போகும்.

கிரிட் துண்டிக்கப்படும்போது இன்வெர்ட்டர் நியூட்ரலையும் சேர்த்துப் பிரித்தால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் உள்ள இணைப்பும் போய்விடலாம். அப்போது கசிவு வந்தாலும் ஆர்சிசிபி விழாது. பேக்கப் நேரத்தில் அந்த இணைப்பை இன்வெர்ட்டரே உள்ளே ஏற்படுத்துகிறதா, வெளியே ரிலே வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். நிரந்தரமாக ஒரு துண்டு வயரால் இணைத்து வைப்பது தீர்வு இல்லை.

பேனல் வரிசை

திறந்த சுற்று மின்னழுத்தத்தை (எதுவும் மின்சாரம் எடுக்காதபோது பேனல் வரிசையில் வரும் வோல்ட்) அந்த இடத்தின் மிகக் குளிரான காலைக்குக் கணக்கிடுங்கள். மதிய வெயிலுக்கு அல்ல.