கல்லூரியில் பாலியல் தொல்லை: ஐ.சி.சி.யில் புகார் கொடுப்பது எப்படி?

முதலில் காலண்டரைப் பாருங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, 3 மாதத்துக்குள் கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவிடம் (ஐ.சி.சி.) எழுத்துமூலம் புகார் போய்விட வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். “நான் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன், எழுத்தில் எல்லாம் வேண்டாம்” என்று துறைத்தலைவர் இழுக்கும் நாட்களும் இந்தக் கணக்கில்தான் கழியும். பாதிப் புகார்கள் சாவது இங்கேதான்.

“தகாத முறையில் நடந்தார்” என்ற வரி விசாரணையில் நிற்காது. “12-ஆம் தேதி மாலை 3.40, வேதியியல் லேப் ஸ்டோர் ரூம். கதவை மறித்து நின்று இடுப்பில் கை வைத்தார். வெளியே வந்ததும் வகுப்புத் தோழியிடம் சொன்னேன்” என்று எழுதுங்கள். சாட்சிகளின் பெயர், முகவரியைச் சேருங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். மூலச் செய்தி போனிலேயே இருக்கட்டும், ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். எழுத முடியாத நிலையா? எழுதித்தர உதவுவது குழுவின் கடமை.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 2013 விதிகளின்படி புகாரை 6 பிரதிகள் கொடுக்க வேண்டும். உங்களுக்கென்று ஏழாவது ஒன்று; அதில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்காமல் நகராதீர்கள்.

குழுவில் யார் யார் என்றும் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 ஒழுங்குமுறைப்படி தலைவர் மூத்த பெண் பேராசிரியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர், மாணவர் தொடர்பான வழக்கென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூவர். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த ஆட்சேபத்தையும் எழுத்திலேயே கொடுங்கள்.

எதிராளி உங்கள் கைடு அல்லது இன்டர்னல் மார்க் போடுபவர் என்றால், புகாரோடு இன்னொரு மனுவும் வையுங்கள்: விசாரணை முடியும்வரை அவர் உங்கள் தேர்வுத்தாளையோ ஆய்வையோ மதிப்பிடக் கூடாது என்று. இடைக்கால நிவாரணமாக 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பலர் கேட்பதில்லை, கேட்காமல் தாமாகத் தருவதும் அபூர்வம்.

புகார் நகல் 7 நாளில் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் பதிலுக்கு 10 நாள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் அனுமதியில்லை. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. அதுவும் பணத்தின் பேரில் கூடாது. உடன்பாடு கையெழுத்தானால் விசாரணை நின்றுவிடும், யோசித்துப் போடுங்கள்.

நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. மிரட்டல் வந்தால் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். போலீசுக்குப் போக குழுவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.