எக்கோ அறிக்கையின் அந்த ஒரு வரி

இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கையில், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள 'மிட்ரல் வால்வில் மிகச் சிறிய கசிவு' என்று இருந்த ஒரு வரி என்னைப் பல வாரங்கள் தூங்கவிடவில்லை. நள்ளிரவில் எழுந்து மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடித்துடிப்பை எண்ணுவேன். பயத்தினாலேயே அது 100-ஐத் தாண்டும், அதைக் கண்டு பயம் இன்னும் கூடும்.

கடைசியில் என் சந்தேகங்களை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பிடுவது பரிசோதிப்பவரின் கடமை என்றும், இத்தகைய கசிவு நல்ல இதயமுள்ள பலருக்கும் இருக்கிறது என்றும், என் இதயத்தின் அறைகளும் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தை வெளியே தள்ளும் 60 சதவீத வெளியேற்றத் திறனும் இயல்பாகவே இருப்பதால் சிகிச்சை தேவையில்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி ஏற்பட்டால் மட்டும் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

நாடி பார்ப்பதை நிறுத்துவதுதான் உண்மையில் கடினமாக இருந்தது. விரல்கள் தாமாக மணிக்கட்டுக்குப் போகும்போதெல்லாம் எழுந்து பத்து நிமிடம் நடந்தேன்; சில வாரங்களில் இரவுத் தூக்கம் திரும்பியது.