அட்டை ஒன்று, மாத்திரை வேறு: பெரியவர்கள் வீட்டில் நடக்கும் மருந்துக் குழப்பங்கள்

காங்கேயம் பஸ் நிலையத்தை ஒட்டிய மருந்துக் கடை ஒன்றில் ஒரு பெரியவர் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்து நீட்டினார். "இதில் அஞ்சு லட்சம் இருக்கிறதாம் கண்ணு, சர்க்கரை மாத்திரைக் கணக்கை இதிலேயே கழித்துக்கொள்" என்றார். கடைப் பையன் சிரிக்கவில்லை. இப்படிக் கேட்டு வருகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான் போலும்.

பெரியவர் மேல் தப்பில்லை. "அஞ்சு லட்சம் காப்பீடு" என்று சொன்னவர்கள் எதற்கு என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். அந்த அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. கட்டிலில் படுத்திருக்கும்வரை மருந்தும் அதற்குள் அடக்கம். எழுந்து வீட்டுக்கு வந்து மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்கு அது பணம் தராது. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய, 70 வயது கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் வயவந்தனா அட்டையும் இதே இனம்தான். வருமான வரம்பு கிடையாது, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு உள்ளேதான் செல்லும்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் குழப்பம் இன்னொரு படி மேலே போகிறது. அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர் பார்ட் டி என்று மருந்துச் செலவுக்கென்றே தனிக் காப்பீடு 2006 முதல் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மகன் போனில், "அப்பாவுக்கும் மருந்துக் காப்பீடு ஒன்று போட்டுவிடுங்கள்" என்கிறான். அரசுத் தரப்பில் அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லை. மருந்துக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசல் எதற்கு என்று தெரியாமல் ஒன்றில் போய் இன்னொன்றைக் கேட்பதில்தான் பாதித் தவறுகள்.

முதலில் அட்டையின் கதையை முடித்துவிடுகிறேன். முதலமைச்சர் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பம் என்றால் ரேஷன் அட்டையில் உள்ளவர்கள். நம் பக்கம் நடப்பது என்ன? பங்கு பிரிந்ததும் மகன் தனி ரேஷன் அட்டை வாங்குகிறான். தாய் தகப்பன் தோட்டத்துச் சாளையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த அட்டையில் என்று நெஞ்சுவலி வருகிற ராத்திரிவரை யாரும் பார்ப்பதில்லை. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு பெயர் என்றால் அதுவும் அந்த ராத்திரிதான் தெரியவரும். மணியக்காரரிடம் (வி.ஏ.ஓ.) வருமானச் சான்றுக்கும், கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கும் ஆள் நன்றாக நடமாடும்போதே போய்வர வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சந்தேகம் கேட்கலாம்.

சேர்ந்த பிறகு நடக்கும் தவறு ஒன்றுண்டு. காப்பீட்டில் சேர்த்த நோயாளிக்கு "இந்த ஊசி மட்டும் வெளியே வாங்கி வாருங்கள்" என்று சீட்டு வந்தால், பேசாமல் ஓடிப்போய் வாங்கிவந்துவிடுகிறோம். ஓடுவதற்கு முன் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட மேசையில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்தச் சிகிச்சைக்கான தொகையில் மருந்தும் சேர்த்தி. வீடு திரும்பும் நாளன்றும் கேளுங்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் அந்தத் தொகைக்குள் வரும். கேட்காதவர்களுக்கு அதை யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

இனி மாத்திரை. என் அனுபவத்தில் இந்த வட்டாரத்தில் மிக அதிகமாக வீணாகும் உரிமை ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. கோவை மில்லிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் முப்பது வருஷம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர்கள், வேலையை விட்டதும் "ஈ.எஸ்.ஐ. முடிந்தது" என்று அட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து, வயது வந்தோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் அவர் மனைவிக்கும் வைத்தியம் தொடரும். தப்பாக அச்சாகவில்லை, ஆண்டுக்குத்தான் 120. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கலாம். பெரிய வைத்தியத்துக்குச் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசுக் காப்பீடுகளில் அன்றாட மாத்திரையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நம் ஊர்த் தொழிலாளிக்கு இது ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல். "ஓய்வு பெற்றார்" என்பதற்குக் கம்பெனி தரும் தாள் வேண்டும். பனியன் கம்பெனியில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. முட்டி வலிக்கிறது என்று ஒரு திங்கட்கிழமை போகாமல் நின்றுவிடுகிறார்கள், அவ்வளவுதான். நிற்கப்போகிற ஆள், நிற்பதற்கு முன்பே ஆபீஸில் சொல்லி எழுதி வாங்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அங்கே கணக்குப் பிள்ளையே மாறியிருப்பார்.

அரசு ஓய்வூதியர்கள் கதை சுருக்கமானது. 2022 ஜூலையில் தொடங்கிய நான்காண்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். பிடிக்கிறார்களே என்று மருந்துக் கடை ரசீதுகளை நூல் கட்டிச் சேர்த்துவைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். புறநோயாளி மாத்திரைக்கு ரசீது செல்லாது.

இது எதுவும் இல்லாத விவசாயிக்கும் விசைத்தறிக்காரருக்கும் அரசு ஆஸ்பத்திரியும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான் மருந்துக் காப்பீடு. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ஊர் மகளிர் தன்னார்வலர் வந்து அழுத்தம் பார்த்துவிட்டுத் தருகிறார். "அரசு மாத்திரை கேட்காது" என்பது நம் திண்ணைகளில் பழைய பல்லவி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்தில் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலும் (பேட்ச்) மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய பிறகே வெளியே விடுகிறது. பளபளக்காத அட்டையில் வருவதுதான் அதன் குற்றம்.

தனியார் டாக்டரிடம் காட்டுகிறவர்களுக்கு, மலிவு விலையில் மருந்து விற்கும் மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கிய மாநில அரசின் முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. பல மருந்துகளின் விலை பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டோடு அங்கே போய், "இந்தப் பெயரில் இல்லை" என்ற பதிலோடு திரும்பிவருகிறார்கள். கடைக்காரர் அடம்பிடிக்கவில்லை. டாக்டர் சீட்டு வேண்டிய மருந்துகளில், எழுதியிருப்பதற்குப் பதிலாக வேறொன்றைத் தானாக மாற்றித் தர மருந்துச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. அதற்குள் இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் சரி. ஆகவே கேட்க வேண்டிய இடம் டாக்டர் அறை. "மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதிக் கொடுங்கள்" என்றால் போதும். மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறையே சொல்கிறது. கேட்கக் கூச்சப்படுகிறோம். தேங்காய் வியாபாரியிடம் காய்க்கு அரை ரூபாய் பேரம் பேசுகிற நமக்கு அங்கே போனதும் வாய் கட்டிக்கொள்கிறது.

இத்தனை வாசலும் திறந்துவிட்டால் வேறொரு ஆபத்து வரும். அதை என் வீட்டிலேயே பார்த்தேன். அப்பிச்சிக்கு, அதாவது தாத்தாவுக்கு, கணுக்கால் இரண்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. சிறுநீரகம் போய்விட்டது என்றே நினைத்து ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் அலைந்தோம். கடைசியில் அவருடைய மாத்திரை டின்னைப் பாயில் கொட்டினேன். பழைய பிஸ்கட் டின். தன்னார்வலர் தந்த அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்று. தனியார் டாக்டர் எழுதிய சிவப்பு அட்டை ஒன்று. சிவப்பு அட்டையில் கம்பெனிப் பெயர் கட்டை விரல் அகலத்துக்கு இருந்தது. அதன் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல், டெல்மிசார்ட்டன், அம்லோடிபின் என்று இரண்டு பெயர்கள். ஒரே மருந்தை இரண்டு வாசலிலும் வாங்கி இரண்டு வேளையும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கால் வீக்கம் அம்லோடிபினுக்குத் தெரிந்த பக்க விளைவு. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும்.

டின்னோடு டாக்டரிடம் போனோம். அவர் ஒன்றை நிறுத்தச் சொன்னார். நாமாக நிறுத்தக் கூடாது, எதை நிறுத்துவது என்பது அவர் வேலை. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. இப்போது டின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எங்கே வாங்கியது என்று நான்கு கட்டம். மகள் பெரிய எழுத்தில் எழுதினாள். எந்த டாக்டரிடம் போனாலும் மூடி மட்டும் எங்களோடு வருகிறது.

நிறுத்திய சிவப்பு அட்டையை அப்பிச்சி இன்னும் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கியதாம்.