மெழுகு ஊத்த அவசரப்படாதீங்க: மொனோடைப் கொலாஜ்ல விடுற பிழைகள்

கையச் சுட்டுக்காதீங்க, ஜன்னலத் திறந்து வைங்க எண்டெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். மொனோடைப் எண்டா பிளேட்டுல இங்க்கால படம் போட்டு பேப்பர்ல ஒரே ஒருக்கா எடுக்கிற பிரிண்ட்; அதைப் பலகையில ஒட்டி, மேல உருக்கின மெழுகு பூசுற கொலாஜ் வேலையத்தான் சொல்றன். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் புதுசா இதுக்குள்ள இறங்கின நம்மட புள்ளையள் ஒரே பிழையத் திரும்பத் திரும்ப விடுறாங்க, பாத்துப் பாத்து எரிச்சல் வந்துதான் எழுதுறன்.

காயாத பிரிண்ட்டுக்கு மேல மெழுகு

ஒயில் இங்க் தண்ணி வத்திக் காயிற சாமான் இல்ல. அதுல இரிக்கிற லின்சீட் எண்ணெய் காத்துல உள்ள ஒட்சிசன இழுத்துத்தான் இறுகும், அதுக்கு நாள்கணக்கா ஆகும், தடிப்பா உருட்டியிருந்தா கிழமைக்கணக்கு, மார்கழி மழைக்குள்ள இன்னும் இழுபடும். அந்த நேரம் மேல மெழுகு பூசினா காத்து போற வழி அடைஞ்சிரும், இங்க் உள்ளுக்குள்ள பச்சையாவே கிடக்கும். அதோட விடுதா? ஒவ்வொரு படை மெழுகையும் கீழ்ப்படையோட சேக்க ஹீட் கன் (சுடுகாத்து அடிக்கிற கருவி) புடிக்கிறமே, மெழுகு இளகேக்க ஈர இங்க்கும் சேந்து ஓடும்.

ஒரு தங்கச்சி, கண்காட்சி கிட்டடிச்சிட்டு எண்டு, வாவியும் தோணியும் வச்ச பிரிண்ட் ஒண்டுக்கு ஹேர் ட்ரையர் அடிச்சிட்டு வந்து "காஞ்சிட்டு அண்ணா, தொட்டுப் பாருங்க" எண்டா. (அழகான வேலை, தோணியிட விளிம்பெல்லாம் துணியால துடைச்சே எடுத்திருந்தா.) மேல்தோல் காஞ்சிதான் இருந்திச்சு. ஹீட் கன் பட்டதும் தோணியிட கறுப்பு நூல் நூலாக் கழண்டு மெழுகுக்குள்ள ஏறி, எல்லாம் ஊத்தச் சாம்பலாப் போச்சு. மொனோடைப் ஒண்டே ஒண்டுதான் வரும், அதை எங்க போய்த் திரும்ப எடுக்கிறது? தொட்டுப் பாத்தன் எண்டு மட்டும் எனக்கிட்டச் சொல்லாதீங்க. டிஷ்யூ ஒண்ட வச்சு நகத்தால அழுத்தித் தேயுங்க, கறை வந்தா காயல்ல.

அவசரமெண்டா பிளேட்டுல மிஞ்சின இங்க்ல ரெண்டாவது பிரிண்ட் ஒண்டு எடுங்க, கோசோ எண்ட மெல்லிசான ஜப்பான் பேப்பர்ல. இங்க் கொஞ்சம்தான், கெதியாக் காயும், மெழுகு பட்டா பேப்பரும் ஊடுதெரிய வந்திரும். என்னக் கேட்டா கொலாஜுக்கு முதல் பிரிண்டவிட இந்த மங்கல் பிரிண்ட்தான் நல்லம்.

அக்ரிலிக் ஜெஸோ பூசின பலகை

ஜெஸோ எண்டா வரைய முன்னம் பூசுற வெள்ளைப் பூச்சு. அக்ரிலிக் ஜெஸோ வேணாம், மெழுகு உரிஞ்சி வரும். வெறும் பிளைவுட் காணும்.

இழுத்துக் கட்டின கன்வஸ்

வளையும், மெழுகு வெடிக்கும்.

கடை மெழுகுதிரிய உருக்கிறது

அது அநேகமா பரபின் (பெற்றோலிய மெழுகு), நொறுங்கிப்போகும். தேன்மெழுகு 8 பங்குக்கு டமார் எண்ட மரப்பிசின் 1 பங்கு போடுங்க, பிசின் போட்டாத்தான் மெழுகு இறுக்கமா நிக்கும்.

சட்டியில புகை

தேன்மெழுகு 63 பாகை செல்சியஸ் அளவுல உருகிரும், வேலைக்கு 90 தாராளம். புகை வருதெண்டா சூடு கூடிட்டு, நிப்பாட்டுங்க. தெர்மாமீட்டர் இல்லாம அடுப்ப மூட்டாதீங்க.

சித்திரை வெயில்ல வேன்

முடிஞ்ச வேலையள முகத்தோட முகம் அடுக்கி, பூட்டின வேனுக்குள்ள வச்சு, மத்தியானம் கல்முனைக்குக் கொண்டு போற ஆக்களும் இரிக்காங்க கா! இளகி ஒண்டோடொண்டு ஒட்டினா பிறகு பிரிக்க ஏலாது. விடிய வெள்ளன ஏத்துங்க, நடுவுல பேக்கிங் பேப்பர் வைங்க, நிமிர்த்தி அடுக்குங்க.