அல்டிகைட்டா, கீற்றோனா? மலையக மாணவருக்கு ஒரு செய்முறை

நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் உயர்தர இரசாயனவியலைத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாதிரி அல்டிகைட்டா, கீற்றோனா என்று பிரித்தறியும் தொலனின் சோதனையில், அல்டிகைட்டு இருந்தால் குழாயின் உட்சுவரில் வெள்ளி ஆடிபோல் படியும். அந்த வெள்ளி ஆடி படியவில்லை என்றால் உடனே மாதிரியைச் சந்தேகிக்காதீர்கள். நம் ஊர்க் குளிரையும் சோதனைக் குழாயின் அழுக்கையும் முதலில் பாருங்கள்.

தொடக்கம் பிரடியின் சோதனைப்பொருள், அதாவது 2,4-இருநைத்திரோபீனைல் ஐதரசீன் கரைசல். சில துளி மாதிரியை அதில் விட்டதும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வீழ்படிவு வந்தால், கையில் இருப்பது அல்டிகைட்டு, கீற்றோன் இரண்டில் ஒன்று. எது என்று இது சொல்லாது.

அதைச் சொல்வது தொலனின் சோதனை. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்; வெள்ளி நைத்திரேற்று பட்ட தோல் கறுத்துவிடும். குழாயைச் சவர்க்காரத்தால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். சாதாரண குழாய்நீரில் குளோரைட்டு இருந்தால் கரைசல் வெண்மையாகக் கலங்கும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் 2 மில்லிலீற்றர் எடுத்து, ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விடுங்கள். கபில நிற வீழ்படிவு தோன்றும். இனி அவசரம் கூடாது: ஐதான அமோனியாவைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குங்கள். கபிலம் கரைந்து தெளிந்த கணமே நிறுத்துங்கள். அமோனியா மிஞ்சினால் சோதனையின் கூர்மை மழுங்கும்.

மாதிரி 3 துளி சேர்த்து, ஏறக்குறைய 60 பாகைச் சுடுநீர் உள்ள முகவையில் அசைக்காமல் நிறுத்தி வையுங்கள். சுவாலையில் நேரே பிடிக்கவே வேண்டாம். முதலில் கரைசல் இலேசாக மங்கும். பிறகு கண்ணாடியின் அடியிலிருந்து வெள்ளி பளபளவென்று ஏறும். அல்டிகைட்டின் காபனைல் காபனில் (ஒட்சிசனுடன் இரட்டைப் பிணைப்பில் உள்ள காபனில்) இருக்கும் ஐதரசனால் அது எளிதில் ஒட்சியேறுகிறது. வெள்ளி அயன் உலோகமாகத் தாழ்கிறது. அசற்றோன் போன்ற கீற்றோனில் அந்த ஐதரசன் இல்லை, ஆடியும் இல்லை. கறுப்புப் பொடியாகப் படிந்தாலும் விடை அல்டிகைட்டுதான், குழாய்தான் அழுக்கு.

மீதிக் கரைசலை ஒருபோதும் எடுத்து வைக்காதீர்கள். நாட்பட்டால் வெடிக்கும் பொருள் உருவாகும். ஆசிரியர் முன்னிலையில் அன்றே ஐதான நைத்திரிக் அமிலம் சேர்த்து அகற்றுங்கள்.

உறுதிக்குப் பீலிங்கின் கரைசல். அ (செப்பு சல்பேற்றுக் கரைசல்), ஆ (காரத் தாத்தரேற்றுக் கரைசல்) இரண்டையும் சம அளவில் கலந்து, மாதிரி விட்டு, கொதிநீரில் வையுங்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், அது போதும். நீலம் போய்ச் செங்கல் நிற வீழ்படிவு வந்தால் அல்டிகைட்டு. ஆனால் பென்சல்டிகைட்டு போன்ற அரோமற்றிக் அல்டிகைட்டு தொலனுக்கு ஆடி தரும், பீலிங்குக்கு அசையாது. பழச்சர்க்கரையான பிரற்றோசோ கீற்றோனாக இருந்தும் இரண்டுக்கும் விடை தரும். காரக் கரைசலில் அது அல்டிகைட்டு வடிவத்துக்கு மாறிவிடுவதே காரணம்.